கூகுளில் கிடைக்காத கேள்வி: நெல்லை வகுப்பறைகளில் கருவிகளைக் கொண்டு சிந்திக்க வைப்பது எப்படி

திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) ஒரு வகுப்பில் உருப்படியாகப் பயன்படுகிறதா என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. பாடத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் அப்படியே நின்றுபோனால் அதுவரை நடந்தது காட்சி. பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்த கணிப்பையும், யார் சொல்வது சரி என்று போட்டுக்கொண்டிருந்த சண்டையையும் வைத்துப் பாடம் மேலே போனால், அங்கே பலகை தன் வேலையைச் செய்திருக்கிறது.

பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோ போடுவதில் தவறொன்றும் இல்லை. இதயம் துடிப்பதை சார்ட்டில் காட்ட முடியாது. ஆனால் அந்த நேரம் முழுக்கப் பிள்ளையின் கை கட்டியேதான் இருக்கிறது. பி.எட். முடித்த எல்லாருக்கும் புளூமின் படிநிலை, அதாவது ஞாபகத்திலிருந்து மேலே ஏறும் சிந்தனைப் படிகள், தெரியும். 1956-இல் வந்தபோது உச்சியில் மதிப்பிடல் இருந்தது, 2001-இல் திருத்தியபோது படைத்தல் அந்த இடத்துக்கு ஏறியது. பாடக்குறிப்பில் 'படைத்தல்' என்று எழுதிவிட்டு வகுப்பில் வீடியோ ஓடவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. கீழே உள்ளவை ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒத்துவருபவை. ஹைடெக் லேபில் ஓடுகிற ஒரு கணினி, ஒரு திறன்பலகை, நாலு ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும்.

முதலில் கேள்வி

கருவியைத் தொடும் முன் கேள்வியைப் போனில் தட்டிப் பாருங்கள். பத்து நொடியில் பதில் வந்துவிட்டால் அது ஞாபகக் கேள்வி. அதற்கு ஒரு பாடவேளையைச் செலவழிக்க வேண்டாம். தாமிரபரணியின் அணைக்கட்டுகள் எத்தனை என்று கேட்டால் எட்டு என்று வந்துவிடும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று பெயரும் வரிசையாக வந்துவிடும். அதையே இப்படித் திருப்புங்கள்: "ஒன்பதாவது அணைக்கட்டு ஒன்று கட்டலாம் என்றால் எங்கே கட்டுவீர்கள்? அதனால் யார் வயலுக்குத் தண்ணீர் கூடும், யாருக்குக் குறையும்?" இதற்கு எங்கேயும் பதில் எழுதிவைக்கவில்லை. படத்தைப் பார்க்க வேண்டும், எட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும், கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் எங்கே இருக்கிறார் என்று யோசிக்க வேண்டும், எடுத்த முடிவுக்காக வாதாட வேண்டும்.

கேள்வியைத் திருப்ப மூன்று வழி கைவசம் இருந்தால் பெரும்பாலான பாடங்களைச் சமாளிக்கலாம். ஒன்று, பொது விஷயத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவது. இரண்டு, இருப்பதை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பது. மூன்று, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய இடத்தைத் தேடிப் பிடிப்பது. மூன்றாவதுதான் கடினம், பலன் அதிகம் தருவதும் அதுதான்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும் ஒரு திறமை. கேள்வி கேட்டு ஒரு நொடிக்குள்ளேயே ஆசிரியர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசின. திறன்பலகையில் ஒரு டைமரைப் பெரிதாக ஓடவிடுங்கள். கேள்விக்கு முப்பது நொடி; அதுவரை யாரும் கை தூக்கக் கூடாது, எழுத மட்டும் செய்யலாம். பலகையின் மிக மலிவான, மிகப் பயனுள்ள உபயோகம் இது.

குளம் சுருங்கியதா?

நெல்லைச் சீமையில் குளம் இல்லாத ஊர் குறைவு. ஊர்ப் பெயரில் குளம் இருந்து, ஊரில் குளம் இல்லாத இடமும் உண்டு. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தை எல்லாரும் வேய்ந்தான்குளம் என்றுதான் சொல்கிறோம். இதிலிருந்தே தொடங்கலாம். நான்கு பாடவேளை வேண்டும்.

முதல் பாடவேளையில் கணினி வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் குளத்தைத் தாளில் நினைவிலிருந்து வரைய வேண்டும். கரை, மடை, மறுகால் (உபரித் தண்ணீர் வழியும் இடம்), உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி), ஆயக்கட்டு வயல் (குளத்துத் தண்ணீர் பாயும் வயல்) எந்தப் பக்கம் என்று குறிக்க வேண்டும். பாதிப் பேருக்கு மறுகால் எங்கே என்று தெரியாது. தெரியாததைக் கேள்விக்குறி போட்டு விட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு அடுத்த நாள் நிரப்பட்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே செயற்கைக்கோள் படத்துக்குப் போனால், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடுவதிலேயே பாடவேளை முடிந்துவிடும். கூரை தேட எப்படியும் ஐந்து நிமிடம் போகும். அதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க வேண்டாம்.

இரண்டாவது பாடவேளைக்குக் கூகுள் எர்த் ப்ரோ. கணினியில் நிறுவும் இந்தச் செயற்கைக்கோள் பட மென்பொருள் 2015 முதல் இலவசம். மேலே உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய படங்களின் பட்டை வரும். ஸ்கேல் போன்ற பொத்தானில் பலகோணம் என்ற பிரிவைத் தேர்ந்து, குளத்தின் கரையோடு சொடுக்கிக்கொண்டே வந்தால் பரப்பைச் சொல்லும். அலகை ஹெக்டேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 ஏக்கர். ஏக்கரில் சொன்னால்தான் வீட்டில் உள்ளவர்கள் மதிப்பார்கள், அதனால் இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே குளத்தை ஐந்து பேர் தனித்தனியாக அளக்கட்டும். ஐந்து விடையும் ஒன்றாக இருக்காது. அந்த நேரத்தில் சரியான விடையைச் சொல்லிவிட ஆசிரியருக்குக் கை பரபரக்கும். சொல்லக் கூடாது. ஏன் வேறுபட்டது என்று ஐந்து பேரும் தங்கள் கோட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். ஒருத்தி கரையை அளந்திருப்பாள், இன்னொருவன் தண்ணீர் நின்ற இடத்தை மட்டும் அளந்திருப்பான். குளம் என்றால் எது? தண்ணீரா, உள்வாயா, கரை வரைக்குமா? இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் வந்துவிட்டது.

மூன்றாவது பாடவேளையில் பழைய ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுவார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கும், நடக்கவும் விடுங்கள். ஒரு ஆண்டுப் படம் தை மாதத்தில் எடுத்ததாக இருக்கும், இன்னொன்று வைகாசியில். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த குளத்தையும் கோடையில் வற்றிய குளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "குளம் பாதியாகிவிட்டது, ஆக்கிரமிப்பு" என்று பிள்ளைகள் உறுதியாக எழுதுவார்கள். அப்போது படத்தின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கார் சாகுபடி எப்போது, பிசானம் எப்போது (இரண்டும் நெல் பருவங்கள்) என்று கேளுங்கள். அதே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களைத் தேடி மறுபடி அளக்கட்டும். தாங்களே எழுதிய முடிவைத் தாங்களே அடித்துத் திருத்துவது வேறெந்தப் பாடத்திலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. தண்ணீர் அளவு மாறினாலும் கரை மாறாது என்பதைக் கவனித்து, ஆக்கிரமிப்பைக் கண்டுபிடிக்கக் கரையையும் உள்வாயில் முளைத்த கட்டடங்களையும்தான் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள்.

நான்காவது பாடவேளை செய்வதற்கு. ஊராட்சித் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், ஒரு படம், மூன்று எண்கள். மூன்றுக்கு மேல் எண் கூடாது என்ற கட்டுப்பாடுதான் எதை விடுவது என்று யோசிக்க வைக்கும்.

மிகப் பழைய படங்களில் குளம் வெறும் மங்கலான கறையாகத்தான் தெரியும். அதை வைத்து ஏக்கர் கணக்குப் போடவிடாதீர்கள். மழைக்காலப் படத்தில் மேகம் மறைக்கும். பள்ளி இணையம் வகுப்பு நேரத்தில் இழுக்கும். அதனால் முந்தின நாளே ஒவ்வொரு குளத்தையும் ஒவ்வொரு தேதியிலும் திறந்து, தேதியும் அளவுகோலும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். இணையம் வராவிட்டால் அந்தப் படத்தைத் தாளில் அச்சிட்டு, மேலே 1 செ.மீ. கட்டத் தாளை வைத்துக் கட்டம் எண்ணிப் பரப்புக் காணலாம். பல நேரம் இதுவே நல்ல பாடமாக அமைந்துவிடுகிறது.

இதோடு ஒட்டி ஒரு சிறு கணக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. எண்ணாகக் கேட்டால் யாருக்கும் உறைக்காது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள ஒரு வகுப்பறைக் கூரையில் அந்த மழை எவ்வளவு என்று போடச் சொல்லுங்கள். 57 கன மீட்டர், அதாவது 57,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட ஐந்து. இனி நம் தெருவுக்குப் போட்டுப் பார் என்று விடுங்கள். தாள் பற்றாமல் போகும்.

இரண்டு தட்டு, இரண்டு போன்

போனில் இருக்கும் மைக், ஒளி உணரி, அதிர்வு உணரி எல்லாவற்றையும் அளவுகோலாக்கும் இலவசச் செயலி ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். ஒலியின் வேகத்தை அளக்க இதைவிட மலிவான ஆய்வகம் கிடையாது.

மைதானத்தில் டேப் வைத்து 5 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஒரு போனைத் தரையில் வையுங்கள். இரண்டிலும் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்சைத் திறந்து, ஒலி எல்லையை (எவ்வளவு சத்தம் கேட்டால் கடிகாரம் இயங்க வேண்டும் என்ற அளவை) 0.1-இல் தொடங்குங்கள். முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்பவர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு. இரண்டு போனும் ஓடத் தொடங்கும். இரண்டு நொடி கழித்து எதிர்முனையில் நிற்பவர் ஒரு தட்டு. இரண்டும் நிற்கும். முதல் போன் காட்டும் நேரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசம், ஒலி 5 மீட்டரைப் போய் வர, அதாவது 10 மீட்டருக்கு எடுத்த நேரம். வெயில் நாளில் ஏறக்குறைய 0.028 நொடி வரும்.

ஏன் இரண்டு போன், ஒன்று போதாதா என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு கடிகாரத்தையும் ஒரே நொடியில் தொடங்கிவைக்க முடியாது என்ற சிக்கலை இந்த அமைப்பு எப்படிச் சுற்றிப் போகிறது என்று பிள்ளைகளே படம் வரைந்து கண்டுபிடிக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு இருபது நிமிடம் ஆகும்.

தவறும் இடங்கள்: தட்டுபவர் இரண்டு போனுக்கும் நடுவே நின்றால் விடை கெடும். போனுக்குப் பின்னால் அதே நேர்கோட்டில் நின்றால் கெடாது, இரண்டு எட்டு தள்ளி நின்றாலும் கெடாது. காரணத்தைச் சொல்லிவிட வேண்டாம். காற்று மைக்கில் மோதினாலும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்தாலும் கடிகாரம் தானே ஓடிவிடும். அப்போது எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஆனிக் காற்று அடிக்கும் பணகுடி, ராதாபுரம் பக்கத்தில் இதை மதியம் செய்ய முயலாதீர்கள், காலை முதல் பாடவேளைதான் சரி. பத்து முறை எடுத்து, பொருந்தாததை ஏன் விடுகிறோம் என்று எழுதிவிட்டுத்தான் விட வேண்டும்.

இனி உண்மையான கேள்வி. 25 டிகிரியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர், 35 டிகிரியில் 352. மார்கழிக் காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம் இரண்டு போன் பிடிக்குமா? 5 மீட்டரில் வித்தியாசம் அரை மில்லி நொடிதான் வரும். பிள்ளைகளின் பத்து அளவீடுகளே ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாக மாறியிருக்கும். 20 மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் இரண்டு மில்லி நொடி. ஆனால் தட்டுச் சத்தம் அங்கே போய்ச் சேருமா, எல்லையைக் குறைத்தால் காற்று உள்ளே வருமே? எதைக் கொடுத்து எதை வாங்குவது என்ற இந்த இழுபறிதான் பொறியாளர்கள் நாள்தோறும் செய்கிற வேலை. 'நம் கருவியால் முடியாது' என்று ஆதாரத்தோடு எழுதிய குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினி மாதிரிகள் இருக்கின்றன. மின்சுற்று, ஊசல், மிதத்தல் எல்லாம் உண்டு, முன்பே இறக்கிவைத்தால் இணையமில்லாமலும் ஓடும். ஒரே ஒரு விதி: பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும், காரணத்தோடு. எழுதாமல் அழுத்தினால் அது விளையாட்டு. அழுத்திய பிறகு எழுதினால் எல்லாருமே "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்பார்கள்.

ஆச்சி சொன்ன சொல்

தமிழ் வகுப்புக்குக் கருவி எதற்கு என்று நினைப்பவர்கள் போனின் ஒலிப்பதிவைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு பெரியவர், ஆளுக்கு இரண்டு நிமிடம், பாடப்புத்தகத்தில் இல்லாத ஐந்து சொல். வாரியல் (துடைப்பம்), சாரம் (கைலி), ஏனம் (பாத்திரம்), பைய (மெதுவாக) என்று வீட்டிலேயே குவிந்து கிடக்கிறது. தொழில் சொற்கள் இன்னும் நல்லது. பத்தமடையில் கோரை, உவரிக் கரையில் வலை, திசையன்விளைப் பக்கம் பனை. பனையேறியிடம் கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார் என்று கேட்டால் பதநீர் புளிக்காமல் இருக்க என்பார். அந்த ஒரு பதிவு தமிழ் வகுப்பிலும் வேதியியல் வகுப்பிலும் ஓடும்.

பதிவுக்குக் கொஞ்சம் நுணுக்கம் தேவை. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ப'வும் 'ட'வும் மைக்கில் வெடிக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், டிவியையும். போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் சரியாக நல்ல இடத்தில் யாராவது கூப்பிடுவார்கள். பேசுபவரிடம் "இதைப் பள்ளிக்கூடத்தில் போடலாமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயரில் ஆள் பெயர் வேண்டாம், ஊர், சொல், தேதி போதும். ஆடியோ 001 என்று நாற்பது கோப்பு வந்தால் ஒரு வாரத்தில் எது எவருடையது என்று யாருக்கும் தெரியாது.

சேர்ப்பது சுலபம், அதோடு நிற்கக் கூடாது. இருநூறு சொல்லையும் ஒரு விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்டில்) இட்டு, பிரிக்கச் சொல்லுங்கள். எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு குழு ஊர்வாரியாகப் பிரிக்கும், ஒன்று தொழில்வாரியாக, ஒன்று 'அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது' என்று. மூன்றாவது குழு கண்டுபிடித்தது என்ன என்று மற்றவர்கள் கேட்கட்டும். அதன் பிறகு அந்தச் சொற்களில் பத்தையாவது வைத்து மூன்று நிமிட ஒலி நாடகம். பேருந்து, மழை, சந்தை எல்லாச் சத்தமும் அவர்களே எழுப்ப வேண்டும், இணையத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஆற்றுச் சத்தத்துக்கு வாளித் தண்ணீரில் கையை அளைவதா, பிளாஸ்டிக் பையைக் கசக்குவதா என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அரை மணி நேரமும் கொடுங்கள்.

களிமண்ணை நடக்க விடுவது

அசையும் படம் எடுக்கச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நொடிக்கு ஆறு புகைப்படம் போதும், 20 நொடிப் படத்துக்கு 120 படம். பன்னிரண்டு வைத்தால் அசைவு அழகாக வரும், ஆனால் இரண்டு பாடவேளையில் முடியாது. போனை இரண்டு செங்கலுக்கு நடுவே நிறுத்தி, செங்கலையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடாவிட்டால், மேகம் கடக்கும் ஒவ்வொரு முறையும் படம் மினுங்கும். ஜன்னல் வெளிச்சத்தைவிட மூடிய அறையில் ஒரு டியூப்லைட் நல்லது. மின்விசிறி ஓடினால் தாளில் வெட்டிய உருவங்கள் பறக்கும், அதனால் தாளைவிடக் களிமண் தேவலை. காருகுறிச்சி மண்பாண்டக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் பிசைந்த களிமண் ஒரு உருண்டை கேளுங்கள். ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

எடுப்பதற்கு முன் ஆறு கட்டம் போட்ட தாளில் கதையை வரைந்தாக வேண்டும். வரையாத குழுவுக்குப் போன் கிடையாது. கண்டிப்பாக இருங்கள். பதநீர் கருப்பட்டியாவது, விதை முளைப்பது, அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வயலுக்குத் தண்ணீர் வருவது எதுவானாலும், இடையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஆறு கட்டத்தை நிரப்ப முடியாது. மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் தேடி எடுப்பார்கள். யாரும் சொல்லாமல் புத்தகத்தைத் திறக்கிற காட்சி வேறெப்போது கிடைக்கும்?

வரைபடம் பொய் சொல்லும்

இது ஒரே பாடவேளை. நயினார்குளம் மார்க்கெட்டில் தக்காளி விலையை ஒரு வாரம் தினமும் எழுதிவரச் சொல்லி, லிப்ரே ஆபிஸ் விரிதாளில் இரண்டு வரைபடம் போடுங்கள். ஒன்றில் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும், மற்றதில் வாரத்தின் குறைந்த விலையில். எண்கள் ஒன்றுதான். முதல் படத்தில் விலை நகரவே இல்லை, இரண்டாவதில் மலை ஏறுகிறது. வியாபாரி எதைக் காட்டுவார், வாங்க வந்தவர் எதைக் காட்டுவார் என்று கேட்டால் போதும்.

ஏஐயை வேலை வாங்குவது

சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆகவே ஆசிரியரின் கணக்கு, திறன்பலகையில் எல்லாரும் பார்க்க, ஆசிரியரே தட்டச்சு. பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ அதில் போடக் கூடாது.

மூன்று வேலைகளுக்கு அது நன்றாக உதவும். ஒன்று, பிழை பிடிக்க. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொல்லி, பக்கத்தில் கூகுள் எர்த்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரி, தவறு, தெரியவில்லை என்று குறிக்கட்டும். சில நாள் எல்லாமே சரியாக வந்துவிடும், அதனால் வேலை வீணாகாது. 'சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்பதுதானே கேள்வி.

இரண்டு, சந்தேகம் கேட்க. பிள்ளை எழுதிய கட்டுரையை இட்டு, "இதைத் திருத்தாதே, இதை நம்பாத ஒருவர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை மட்டும் எழுது" என்று சொல்லுங்கள். 'திருத்தாதே' என்ற சொல் விடுபட்டால் முழுக் கட்டுரையையும் அதுவே மழுமழுவென்று எழுதிக் கொடுத்துவிடும், பிள்ளையின் நடை காணாமல் போகும்.

மூன்றாவது படைப்புக்கு. "பள்ளியில் தண்ணீரைச் சேமிக்கப் பத்து யோசனை" என்று கேட்டு வாங்குங்கள். வந்த பத்தையும் பலகையில் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இவை எல்லாம் தடை, எவருக்கும் தோன்றுபவை. பதினொன்றாவது எங்கே? முதல் ஐந்து நிமிடம் வகுப்பு முழிக்கும். பிறகு கை கழுவும் குழாய்க்கடியில் கீரைப்பாத்தி என்றோ, சத்துணவு அரிசி கழுவிய தண்ணீர் என்றோ தங்கள் பள்ளியில் மட்டும் இருக்கிற ஒன்றைப் பிடித்துவிடுவார்கள்.

நாற்பது பேர், நாலு போன்

எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர். ஒரே நேரத்தில் நாலு குழு போனோடும் நாலு குழு தாளோடும் வேலை செய்யட்டும். பதினைந்து நிமிடத்தில் மாற்றுங்கள். குழுவுக்குள் வேலை பிரிவு: ஒருவர் போன் பிடிப்பார், ஒருவர் என்ன செய்வதென்று சொல்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஐந்தாமவர் மறுப்பவர். போன் பிடிப்பவர் தன் யோசனையைச் செய்யக் கூடாது, சொல்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் போன் பழகிய பையன் ஒருவனே எல்லாவற்றையும் செய்துமுடிப்பான், மற்ற நாலு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுப்பவரின் வேலை ஒவ்வொரு முடிவுக்கும் "வேற காரணம் இருக்கலாமில்ல?" என்று கேட்பது. கூச்சப்படும் பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். மறுத்துப் பேசுவது கடமையாகிவிட்டால் பயம் பாதியாகிறது.

வீட்டு போனைக் கொண்டுவரச் சொன்னால் இரண்டு சிக்கல். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒதுங்கும், போன் தொலைந்தால் பள்ளிக்குத் தலைவலி. ஆசிரியர்களின் பழைய போன்கள், சிம் எடுத்துவிட்டவை, நாலு சேர்த்துப் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் பேட்டரி கெட்டுப்போகலாம். மேற்கு ஜன்னல் வெயில் பலகையில் விழுந்தால் எதுவும் தெரியாது, மதியப் பாடவேளைக்கு ஒரு போர்வையாவது தொங்கவிடுங்கள்.

மதிப்பெண்ணுக்குப் பத்து. சொன்னது என்ன என்பது தெளிவாக இருந்தால் 2, ஆதாரத்துக்கு 3, எதிர்க்கருத்தையோ தங்கள் குறையையோ நேர்மையாக எழுதினால் 3, வடிவத்துக்கு 2. வடிவத்துக்கு அதற்கு மேல் போனால் எல்லாக் குழுவும் பவர்பாயிண்டில் எழுத்தைப் பறக்கவிடுவதில் இறங்கிவிடும். இந்த நாலு வரியையும் வேலை தொடங்கும் முன்பே சுவரில் ஒட்டுங்கள்.

ஆண்டு முடிவில் எல்லாக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டு, குளங்களின் அளவு, ஒலி வேகத்தின் அளவு, சொல் பட்டியல் மூன்றையும் தனித்தனிக் கோப்புறையாகப் பிரித்து, தேதியோடு அடுத்த வகுப்பிடம் கொடுங்கள். அவர்கள் முதல் வேலையாக அதே குளத்தை அதே மாதத்தில் மறுபடி அளந்து, அண்ணன்மாரும் அக்காமாரும் எங்கே தவறினார்கள் என்று தேடட்டும்.